சிறுமீன் வேட்டை: ப்ளூகில், கிராப்பி, பெர்ச்

அமெரிக்காவிலோ கனடாவிலோ தூண்டில் பிடிக்கிற ஒருவரிடம், முதன்முதலில் என்ன மீன் பிடித்தீர்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் வருகிற பதில் ப்ளூகில், அல்லது அதன் பங்காளியான ஏதோ ஒரு சன்ஃபிஷ். ஏரிக்கரைப் பூங்காவின் மரத்துறையில் நின்று, ஒரு துண்டு மண்புழுவை முள்ளில் கோத்து, தக்கையை மிதக்கவிட்டால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் மீன் கிடைத்துவிடும். முழுதாக ஒரு வாணலிக்குள் அடங்குகிற இந்த அளவு மீன்களை அங்கே பொதுவாகப் பேன்ஃபிஷ் என்கிறார்கள். ப்ளூகில், ரெட்இயர், பம்ப்கின்சீட் முதலிய சன்ஃபிஷ்கள், கறுப்பு கிராப்பி, வெள்ளை கிராப்பி, மஞ்சள் பெர்ச், ராக் பாஸ் எல்லாம் இந்தக் கூட்டத்தில் சேரும்.

டொராண்டோவிலும் சிகாகோவிலும் டல்லாஸிலும் குடியேறிப் புதிதாகத் தூண்டில் வாங்கும் தமிழர்களுக்கும் இவைதான் நல்ல தொடக்கம். படகு வேண்டாம், விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஐந்தரை அடி மெல்லிய கோல், 4 பவுண்டு நரம்பு, 8 அல்லது 10ஆம் எண் முள், சுண்டுவிரல் தடிமனில் ஒரு தக்கை, மிளகளவு ஈயக்குண்டு இரண்டு. இவ்வளவு போதும். கோல் தடிமனாக இருந்தால் மீன் கிடைக்காமல் போகாது. ஆனால் அது இழுக்கும் இழுப்பு கைக்கு வந்து சேராது. சிறுமீன் பிடிப்பதன் சுகமே அந்த இழுப்பில்தான் இருக்கிறது.

இவற்றில் எது சிறந்தது என்பது ஏரிக்கரைகளில் ஓயாத வாதம். நாட்காட்டியைப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. பனி உறைந்த மாதங்களிலும் பனி உருகிய கையோடும் பெர்ச், நீர் 16 பாகையைத் தொடும்போது கிராப்பி, 20 பாகையைத் தாண்டியதும் ப்ளூகில் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கரையருகே வருகின்றன. (இங்கே சொல்வதெல்லாம் செல்சியஸ் கணக்கு.) ஒரே ஒரு மீனைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் இந்த நூலின் வாக்கு ப்ளூகில்லுக்கு. அதற்குக் காரணமும் உண்டு, ஒரு நிபந்தனையும் உண்டு.

ப்ளூகில் தட்டையாக, உயரமாக, வாய் சிறுத்து இருக்கும். ஜிலேபிக் கெண்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதன் உருவம் அந்நியமாகப் படாது. செவுள் மூடியின் நுனியில் கறுப்பு மடல் ஒன்று இருக்கும்; முதுகுத் துடுப்பின் பின்பகுதி அடியில் ஒரு கறும்புள்ளி இருக்கும். இந்த இரண்டையும் பார்த்துவிட்டால் அடையாளம் உறுதி. முள் பட்டதும் அது நேராக ஓடாது. பரந்த உடலை இழுப்புக்குக் குறுக்கே திருப்பிக்கொண்டு வட்டமடிக்கும். தண்ணீரையே ஒரு பலகையாக்கித் தள்ளுகிற அந்த உத்தியால், கால் கிலோ மீன் ஒரு கிலோ மீனைப்போலக் கோலை வளைக்கிறது. எடைக்கு எடை வைத்துப் பார்த்தால், வட அமெரிக்க நன்னீரில் இதற்கு ஈடாக மல்லுக்கட்டும் மீன் மிகக் குறைவு.

உலகச் சாதனை ப்ளூகில் 1950 ஏப்ரலில் அலபாமாவின் கெடோனா ஏரியில் பிடிபட்டது: 4 பவுண்டு 12 அவுன்ஸ், ஏறத்தாழ 2.15 கிலோ. முக்கால் நூற்றாண்டாக அது அசையவில்லை. சாதாரண ஏரியில் கிடைப்பது 6 முதல் 8 அங்குலம். 9 அங்குலம் வந்தால் படம் எடுத்துக்கொள்ளலாம். 10 அங்குலம் பலருக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் வாய்க்கும்.

நீர் 20 பாகையைத் தாண்டியதும் (தெற்கு மாநிலங்களில் ஏப்ரல், வடக்கே மே கடைசி அல்லது ஜூன்) ஆண் மீன்கள் கரையோர ஆழமற்ற நீரில் வாலால் மண்ணை விசிறி, சாப்பாட்டுத் தட்டு அளவில் குழி பறிக்கும். ஒன்றோடொன்று ஒட்டியபடி பத்து, இருபது, சில இடங்களில் நூறு குழிகள்கூட ஒரே திட்டாக இருக்கும். கண்கூசலைத் தடுக்கும் போலராய்டு கண்ணாடி அணிந்து பார்த்தால் வெளிர் வட்டங்களாகத் தெரியும். பெண் மீன் முட்டையிட்டுப் போனபின் காவல் முழுக்க ஆணுடையது. அதனால் குழிமேல் எது விழுந்தாலும் அது பாயும். மண்புழு, சுவர்க்கோழிப் பூச்சி, மெழுகுப்புழு, மேலே மிதக்கும் சிறு ரப்பர் சிலந்தி, எதற்கும் மறுப்பில்லை. தெற்கே இன்றும் மூங்கில் கழியும் ஒரு டப்பா சுவர்க்கோழியுமாகக் கிளம்புகிறவர்கள் உண்டு. இந்தப் பருவத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் மீன் எந்த நவீனக் கருவிக்கும் குறைந்ததில்லை.

நிபந்தனை என்று மேலே சொன்னது இங்கேதான் வருகிறது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்து ஒபினிகான் ஏரியில் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் ப்ளூகில் கூடுகளைக் கவனித்தார்கள். எல்லா ஆணும் கூடு கட்டுவதில்லை என்பது தெரிந்தது. கூடு கட்டும் ஆண் அந்த ஏரியில் ஏழு வயது வரை வளர்ந்தபிறகே இனப்பெருக்கத்துக்கு வருகிறது. இன்னொரு வகை ஆண் இரண்டு வயதிலேயே முதிர்ந்துவிடுகிறது. அது கூடு கட்டாது, காவல் காக்காது. பெரிய ஆணின் கூட்டுக்குள் நொடிப்பொழுதில் பாய்ந்து முட்டைகளைக் கருவுறச் செய்துவிட்டு ஓடிவிடும். கொஞ்சம் வளர்ந்தபின் பெண் மீனின் நிறத்தையும் நடத்தையையும் பூண்டு, காவல்காரன் கண்ணெதிரிலேயே உள்ளே நுழையும்.

தூண்டில்காரருக்கு இதில் என்ன? பெரிய காவல் ஆண்கள் இருக்கும்வரை சிறு ஆண்களுக்குக் கூடு பிடிக்க இடம் கிடைக்காது. அவை தம் சக்தியை உடல் வளர்ச்சிக்கே செலவிடும். பெரியவற்றையெல்லாம் வாளியில் போட்டுக்கொண்டு போய்விட்டால், 5 அங்குல ஆணும் அந்த இடத்துக்கு வந்து முதிர்ந்துவிடும். அதோடு வளர்ச்சி மட்டுப்பட்டுவிடும். சில ஆண்டுகளில் ஏரி முழுக்க உள்ளங்கை அளவு மீன்களே மிஞ்சும். வடக்கு ஏரிகளில் ஒரு ப்ளூகில் 8 அங்குலத்தைத் தொட ஏழெட்டு ஆண்டுகள் ஆகலாம் என்பதை நினைத்தால் இழப்பின் அளவு புரியும். மினசோட்டா மாநிலம் இதைக் கண்டுதான் நாளொன்றுக்கு 20 சன்ஃபிஷ் என்ற பொது வரம்பைத் தேர்ந்தெடுத்த ஏரிகளில் 10 ஆகவும் 5 ஆகவும் குறைத்தது. ஆகவே ப்ளூகில் பிடிப்பவர் 7 அங்குல மீன்களைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளட்டும். மார்பில் செம்பு நிறம் ஏறி, நெற்றி புடைத்த 9 அங்குல ஆணைத் திருப்பி விட்டுவிட வேண்டும், அதுவும் கூட்டுக்குப் பக்கத்திலேயே. காவல் இல்லாத கூட்டுக்குள் மற்ற மீன்கள் புகுந்து முட்டையைத் தின்னச் சில நிமிடங்கள் போதும்.

உயிரோடு ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மீனைக் கொண்டுபோகவே கூடாது என்பதற்கும் ப்ளூகில் கதையே சாட்சி. 1960இல் அமெரிக்கா வந்த ஜப்பானின் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்குச் சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி ப்ளூகில் மீன்களைப் பரிசளித்தார். மீனியல் அறிஞரான இளவரசர் அவற்றை நாட்டுக்கு எடுத்துச் சென்று, உணவு மீனாக வளர்க்க ஆய்வு நிலையத்திடம் ஒப்படைத்தார். அங்கிருந்து பரவிய மீன், பீவா ஏரி உட்பட ஜப்பானிய நீர்நிலைகளில் உள்நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று பெருகியது. 2007இல், பேரரசராக இருந்தபோது, அதற்காக மனம் வருந்துவதாக அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

ப்ளூகில்லின் பங்காளிகளில் தனியாகத் தேடிப்போகத் தகுந்தது ரெட்இயர். செவுள் மடலின் ஓரத்தில் சிவப்பு, சில மீன்களில் ஆரஞ்சு விளிம்பு. தொண்டைக்குள் இருக்கும் பற்தகடுகளால் நத்தையையும் சிப்பியையும் நொறுக்கித் தின்னும். அதனால் தெற்கே இதை ஷெல்கிராக்கர் என்று கூப்பிடுவார்கள். இந்த உணவுப் பழக்கத்தால் நடந்த அதிசயம் ஒன்று அரிசோனா, கலிஃபோர்னியா எல்லையில் கொலராடோ ஆற்றின் குறுக்கே அமைந்த ஹவாசு ஏரியில் தெரிகிறது. 2007இல் அங்கே குவாகா என்ற அந்நியச் சிப்பி புகுந்தது. குழாய்களை அடைத்து, ஏரியின் உணவுச் சங்கிலியையே குலைக்கும் பூதம் அது. ரெட்இயருக்கோ அது தீராத விருந்து. 2014இல் 5 பவுண்டு 12 அவுன்ஸ், 2021இல் 6 பவுண்டு 4 அவுன்ஸ் என்று உலகச் சாதனை மீன்கள் இதே ஏரியில் அடுத்தடுத்து வந்தன.

ரெட்இயர் பிடிக்கப் பொறுமை வேண்டும். தக்கைக்குக் கீழே தொங்கும் இரையை அது பெரும்பாலும் சட்டை செய்யாது. மண்புழு தரையில் கிடக்க வேண்டும், அசையாமல் கிடக்க வேண்டும். சிறு ஈயத்தை முள்ளுக்கு ஓரடி மேலே வைத்து, நரம்பைத் தளர விட்டுக் காத்திருப்பதுதான் வழி. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இது ஏற்றதில்லை. தனியாக ஒரு காலைப்பொழுதைக் கரையில் கழிக்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல மீன் அமையாது.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பம்ப்கின்சீட் கன்னத்தில் நீல வரிகளும் செவுள் மடல் நுனியில் ஆரஞ்சுச் சிவப்புப் பொட்டுமாக, நன்னீர் மீன்களில் அழகியது, ஆனால் சிறியது. கிரீன் சன்ஃபிஷ் எதையும் கடிக்கும், வாய் பெரிது, உடல் வளராது. செங்கண் கொண்ட ராக் பாஸ் பாறைச் சந்துகளிலிருந்து பாய்ந்து முதல் நொடியில் பலமாக இழுக்கும், பிறகு சும்மா வந்துவிடும்.

கிராப்பி வேறு உலகம். ப்ளூகில் பிடித்த கையோடு கிராப்பிக்குப் போகிறவர் முதலில் இழப்பது மீனைத்தான். அதன் வாய் விரிந்தால் அகலமானது. ஆனால் ஓரச் சவ்வு காகிதத்தைப்போல மெல்லியது. தக்கை அமிழ்ந்ததும் வெடுக்கென்று சுண்டினால் சவ்வு கிழிந்து முள் கழன்றுவிடும். கோலை மெதுவாகத் தூக்கி, எடை தெரிந்ததும் நிறுத்தாமல் ஒரே சீராக இழுக்க வேண்டும். பெரிய மீனை நரம்பால் தூக்காமல் கைவலையில் ஏந்துவது நல்லது.

கறுப்பு, வெள்ளை என்ற பெயரை நம்பி நிறத்தைப் பார்த்து அடையாளம் சொல்லக்கூடாது. நீருக்கேற்ப இரண்டும் நிறம் மாறும். முதுகுத் துடுப்பின் முன்னால் உள்ள முட்களை எண்ணுவதே சரியான வழி. ஏழு அல்லது எட்டு இருந்தால் கறுப்பு கிராப்பி, ஐந்து அல்லது ஆறு இருந்தால் வெள்ளை கிராப்பி. கறுப்பு, தெளிந்த நீரையும் நீர்ச்செடிகளையும் நாடும். வெள்ளை, கலங்கிய நீர்த்தேக்கங்களிலும் நன்றாக வளரும். வெள்ளையின் சாதனை 1957இல் மிசிசிப்பி மாநிலத்து எனிட் அணையில் பிடிபட்ட 5 பவுண்டு 3 அவுன்ஸ் மீன். கறுப்பின் சாதனை 2018இல் டென்னசி மாநிலத்தில் ஒரு குட்டையில் வந்தது, 5 பவுண்டு 7 அவுன்ஸ். மிசிசிப்பியின் கிரெனடா ஏரி 3 பவுண்டு கிராப்பிகளுக்குப் பேர்போனது. 1811, 1812ஆம் ஆண்டுகளின் பெரும் நிலநடுக்கங்களால் உருவான டென்னசியின் ரீல்ஃபுட் ஏரியில், நீரில் நிற்கும் சைப்ரஸ் மரங்களின் அடியைத் தேடிக் கிராப்பிக்காரர்கள் ஆண்டுதோறும் வசந்தத்தில் கூடுகிறார்கள்.

கிராப்பியின் கண் தலையில் சற்று மேலே அமைந்திருக்கிறது. அது மேல்நோக்கிப் பார்த்து மேல்நோக்கியே பாயும். தனக்குக் கீழே தொங்கும் இரைக்காகப் பெரும்பாலும் இறங்கி வராது. ஆகவே மீன் 8 அடி ஆழத்தில் இருந்தால் இரை 7 அடியில் நிற்க வேண்டும். ஆழத்தை விருப்பம்போல மாற்ற வசதியாக, நரம்பில் வழுக்கி நகரும் தக்கையைப் பயன்படுத்துவார்கள். இரை சிறு மின்னோ மீன்குஞ்சு, அல்லது 1/32 முதல் 1/16 அவுன்ஸ் வரை எடையுள்ள ஈயத்தலை ஜிக். ஆண்டின் பெரும்பகுதி கிராப்பி கரையை விட்டு நடுநீரில், மூழ்கிய மரக்கிளைகளைச் சுற்றித் தொங்கிக்கொண்டிருக்கும். படகும் கருவியும் இல்லாதவர்களுக்கு அப்போது அது எட்டாத மீன்.

2018இல் கார்மின் நிறுவனம் லைவ்ஸ்கோப் என்ற முன்னோக்கு சோனாரைக் கொண்டுவந்தபின் கிராப்பி வேட்டையின் முகமே மாறிவிட்டது. தனித்தனி மீனைத் திரையில் பார்த்து, அதன் மூக்குக்கு நேரே இரையை இறக்க முடிகிறது. பல மாநிலங்களில் இதற்குக் கட்டுப்பாடு வேண்டுமா என்ற விவாதம் சூடாக நடக்கிறது. அந்தக் கருவிக்குச் செலவு செய்யத் தேவையில்லை என்பதே புதியவருக்கு இந்த நூலின் அறிவுரை. ஏப்ரல், மே மாதங்களில் நீர் 16 முதல் 20 பாகைக்குள் இருக்கும் சில வாரங்களில் கிராப்பி தானாகவே மூன்று, நான்கு அடி ஆழத்துக்கு, விழுந்த மரங்களின் கிளைகளுக்குள் முட்டையிட வரும். மாலை மங்கும் ஒரு மணி நேரம் கரையில் நின்றாலே போதும்.

மஞ்சள் பெர்ச் சன்ஃபிஷ் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. வால்ஐ மீனின் உறவு. நீண்ட பொன்மஞ்சள் உடலில் ஆறு முதல் எட்டு வரை கரும்பட்டைகள் இறங்கியிருக்கும். கூடு கட்டாது, காவல் காக்காது. பனி உருகியதும், நீர் இன்னும் 7 முதல் 11 பாகையில் குளிர்ந்து கிடக்கையில், முட்டைகளை நீண்ட பசைநாடாவாகச் செடிகள்மேல் சுற்றிவிட்டுப் போய்விடும். இழுப்பைப் பொறுத்தவரை ப்ளூகில்லுக்கு ஒரு படி கீழேதான்: தலையை உதறும், கீழ்நோக்கி முண்டும், பிறகு வந்துவிடும். ஆனால் சுவையில் முதலிடம் இதற்கே. விஸ்கான்சின் உணவகங்களின் வெள்ளிக்கிழமை மீன் வறுவலில் பெர்ச் இருக்கிறது என்று பலகை வைத்தால் கூட்டம் தனி.

1865 மே மாதம் நியூ ஜெர்சி மாநிலத்து போர்டன்டவுனில் பிடிபட்ட 4 பவுண்டு 3 அவுன்ஸ் பெர்ச்தான் இன்றும் உலகச் சாதனை. வட அமெரிக்காவின் நன்னீர் மீன் சாதனைகளில் மிகப் பழையது என்று அதைச் சொல்வார்கள்.

பெர்ச் கூட்டமாகத் திரியும். ஒரே அளவுள்ளவை ஒன்றாகவே போகும். எனவே ஐந்து அங்குல மீன்களே வரிசையாக வந்தால் அங்கே நின்று பயனில்லை. இடம் மாற வேண்டும். வெளிச்சத்தில் மட்டுமே இரை தேடும் மீன் ஆதலால், சூரியன் மறைந்தபின் கடி சட்டென்று நின்றுவிடும். இரை தரையிலிருந்து ஓரடிக்குள் இருக்க வேண்டும். ஈரி ஏரியில் படகுக்காரர்கள் 30, 40 அடி ஆழத்தில் எமரால்ட் ஷைனர் என்ற சிறுமீனை இரையாக்கிக் கொத்தாக இரண்டு முள் இறக்குவார்கள். அவ்வளவு ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும் மீனுக்குக் காற்றுப்பை வீங்கிவிடும். திருப்பி விட்டாலும் பிழைப்பது அரிது. ஆழத்தில் பெர்ச் பிடிப்பவர், தேவையான எண்ணிக்கை கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும்.

குளிர்காலம் பெர்ச்சின் காலம். டொராண்டோவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள சிம்கோ ஏரி உறைந்ததும், பனிக்கட்டியில் துளையிட்டுப் பெர்ச் பிடிக்கக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். நடந்து போக, தெளிந்த புதுப் பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலம் தடிமன் இருக்க வேண்டும். வெளுத்த, நுரைத்த பனிக்கட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் வலு பாதிதான். உள்ளூர்க் கடையில் விசாரிக்காமல் ஏரிமேல் கால் வைக்கக்கூடாது.

எந்த மீனுக்குப் போனாலும் உரிமம் முதலில். பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் 16 வயதுக்குக் கீழே உரிமம் வேண்டாம். ஒண்டாரியோவில் 18 முதல் 64 வயது வரை உள்ள குடியிருப்பாளருக்குக் கட்டாயம். எண்ணிக்கை வரம்பும் அளவு வரம்பும் ஏரிக்கு ஏரி மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். அதே தளங்களில், எந்த ஏரி மீனை மாதம் எத்தனை வேளை உண்ணலாம் என்ற பட்டியலும் கிடைக்கும். உணவுச் சங்கிலியில் கீழே இருப்பதால், பெரிய பாஸ், பைக் மீன்களைவிடச் சிறுமீன்களில் பாதரசம் பொதுவாகக் குறைவு. இருந்தாலும் கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் உள்ள வீட்டில் அந்தப் பட்டியலைப் பார்ப்பது அவசியம்.

பிடித்த மீனைக் கையாளும்போது, முதுகு முட்களைத் தலையிலிருந்து வாலை நோக்கி உள்ளங்கையால் நீவிப் பிடித்தால் குத்தாது. பெர்ச்சின் செவுள் மூடி ஓரம் கத்திபோல அறுக்கும், அங்கே விரல் வைக்கக்கூடாது. வைத்துக்கொள்ளும் மீன் உடனே பனிக்கட்டிப் பெட்டிக்குள் போக வேண்டும். கிராப்பியின் சதை வெயிலில் சீக்கிரம் குழைந்துவிடும். அமெரிக்கர்கள் இந்த மீன்களைப் பெரும்பாலும் துண்டம் போட்டு முள்ளில்லாச் சதையை மட்டும் எடுப்பார்கள். ஒரு ப்ளூகில்லில் அப்படிக் கிடைப்பது எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். முள்ளோடு உண்ணப் பழகிய தமிழ் வீடுகளுக்கு அந்த இழப்பு இல்லை. செதில் சீவி, குடல் நீக்கி, இரு பக்கமும் எலும்பு வரை கீறி, மஞ்சள், மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சைச்சாறு தடவி அரைமணி நேரம் ஊறவைத்து வறுத்தால் 7 அங்குல ப்ளூகில் ஒருவருக்கு இரண்டு போதும். கிராப்பியும் இப்படியே வறுபடும், ஆனால் திருப்பும்போது உடையும். அதன்மேல் மெல்லிய அரிசிமாவுப் பூச்சு கொடுத்தால் தோல் பிடித்து நிற்கும். பெர்ச்சின் செதில் சின்னதாக, இறுக்கமாக ஒட்டியிருக்கும். அதைச் சீவ முயல்வதைவிடத் தோலோடு உரித்துவிடுவதே எளிது.